லெமூரியாவை விடுங்க, கோண்டுவானா நம்ம வீட்டுப் பேரு!

குமரிக்கண்டம் பத்தி இன்னொரு பதிவான்னு ஓடிராதீங்க மக்கா. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துரும். ஒரு கோஷ்டி, "உலகத்தின் முதல் மனுசன் லெமூரியாவில் பிறந்த தமிழன், விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க"ன்னு ஒரு வரைபடத்தோட வரும். அந்த வரைபடத்தில் மடகாஸ்கரில் இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே நிலம், நடுவுல பஃறுளி ஆறு ஓடும். இன்னொரு கோஷ்டி, "எல்லாம் கப்சா, தமிழனுக்கு வேற வேலை இல்லை"ன்னு சிரிச்சிட்டுப் போயிரும்.

என் கட்சி ரெண்டும் இல்லை. முதல் கோஷ்டி தப்பான பெருமையைக் கட்டிக்கிட்டு அழுது. ரெண்டாவது கோஷ்டி, சிரிச்ச சிரிப்புல உண்மையான கதையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுருது. இந்தியப் பெருங்கடல் எப்படித் திறந்துச்சு, இந்தியா எங்க இருந்து கிளம்பி எப்படி இங்க வந்துச்சுங்கற கதை இருக்கே, அது எந்தக் கட்டுக்கதையையும் தூக்கிச் சாப்பிட்டுரும். அதுல பாதி தடயம் நம்ம திருநெல்வேலிச் சீமையிலயும் பக்கத்து மலையிலயும் கிடக்கு. அதைத் தமிழில் சொல்ல ஆளில்லாததுதான் பிரச்சினை.

லெமூரியா வந்த கதை

முதல்ல ஒண்ணு. லெமூரியா தமிழ் வார்த்தை இல்லை. 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் வெச்ச பேரு. அவருக்கு ஒரு குழப்பம். மடகாஸ்கரில் லெமூர் இருக்கு. அதோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரனான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கு. நடுவுல இவ்வளவு பெரிய கடல். எப்படித் தாண்டிச்சு? 'நடுவுல ஒரு கண்டம் இருந்திருக்கணும், அது முழுகிப் போயிருக்கணும்'னு ஒரு யூகம் சொன்னார். அந்தக் கண்டத்துக்கு லெமூர் பேரையே வெச்சுட்டார். லெமூர் என்பதற்கு மூலமான லத்தீன் வார்த்தைக்கு ஆவிகள்னு அர்த்தம். நம்ம பூர்வீகத்துக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு ஆவி நாடு. இதுக்குத்தான் இம்புட்டு அடிதடி :-)

நம்ம தொழில் பாஷையில் சொன்னா இது ஒரு தற்காலிக ஒட்டு. பிழை எங்க இருக்குன்னு தெரியாதப்ப, புரோகிராம் ஓடணும்னு ஒரு ஒட்டு போடுவோம்ல, அந்த மாதிரி. அந்தக் காலத்தில் கண்டங்கள் நகரும்னு பெரும்பாலானவங்களுக்குத் தோணலை. அதனால கடலுக்கு நடுவுல பாலம் கட்டினாங்க. அன்னைக்கு அது நியாயமான யூகம்தான். 1875-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு, தாவரப் புதைபடிவங்களை வெச்சு இதே மாதிரி ஒரு பெருங்கடல் கண்டத்தைச் சொன்னார். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இன்னும் ஒரு படி மேலே போய், மனித இனமே அங்க தோன்றியிருக்கலாம்னு எழுதினார். 1880-களில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை அதை எடுத்துக்கிட்டு, அதுல ராட்சச மனுசங்களைக் குடியேத்துச்சு. 1885-ல் சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டில் மெக்லீன் இந்த லெமூரியாவைத் திராவிடர்களோட சேர்த்துப் பேசினார். அதுக்கு அப்புறம் நம்ம ஆளுங்க கையில் வந்துச்சு.

நம்ம ஆளுங்க கையில் ஏற்கெனவே ஒரு கதை இருந்துச்சு. கடல் கொண்ட நிலம், பஃறுளி ஆறு, குமரி ஆறு, முதல் இரண்டு சங்கங்கள். சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் அடியார்க்கு நல்லாரும் சொன்ன கதை. அது நம்மளுடையது, நூல்களில் இருக்கு. இந்த ரெண்டு கதையையும் ஒட்டவெச்சதுல பிறந்த குழந்தைதான் இப்ப சுத்திக்கிட்டு இருக்கற குமரிக்கண்டம். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசு செலவில் இதைப் பத்தி ஒரு படமே காட்டினாங்க. சுமதி ராமசாமி 2004-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் இந்த ஒட்டுவேலை வரலாறு முழுசா இருக்கு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே, 2002-ல், நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் தமிழிலேயே 'குமரி நில நீட்சி' எழுதிட்டார். சண்டை போடுறவங்கள்ல பாதிப் பேரு அதைப் படிச்சிருந்தா சண்டையே பாதி குறைஞ்சிருக்கும்.

கண்டம் முழுகாது

ஏன் ஒட்டை எடுத்தாங்க? ரெண்டு காரணம்.

ஒண்ணு, கண்டம் அவ்வளவு சுலபமா முழுகாது. கண்டப் பாறை லேசானது, 35-40 கிலோமீட்டர் தடிமன். கடலடிப் பாறை கனமானது, ஆனா 7 கிலோமீட்டர் தடிமன்தான். தெப்பக்குளத்தில் தெப்பம் மிதக்கற மாதிரி, கண்டம் கீழே இருக்கற கனமான பாறை மேல மிதக்குது. அந்தத் தெப்பத்தை 4 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுக்க முடியாது. கடலடியில் போய்ப் பார்த்தாலும் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு உறைஞ்ச பசால்ட்தான். வயல், வரப்பு எதுவும் இல்லை.

ரெண்டாவது, உண்மையான பதில் கிடைச்சிருச்சு. 1912-ல் ஆல்ஃபிரட் வெகெனர், கண்டங்களே நகருதுன்னு சொன்னார். எது தள்ளுதுன்னு அவரால் சொல்ல முடியலை, எல்லாரும் கேலி பண்ணினாங்க. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் செத்துப் போனார். அவருக்கு ஆதாரம் எங்க கிடைச்சுச்சு தெரியுமா? இதே இந்தியப் பெருங்கடலில்!

1962-ல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கடற்படை ஆய்வுக் கப்பல், அரபிக்கடலுக்குத் தெற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் தொடர் என்ற கடலடி மலைத்தொடர் மேல காந்த அளவீடு எடுத்துச்சு. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவரா இருந்த ஃப்ரெட் வைனும் அவரோட வழிகாட்டி டிரம்மண்ட் மேத்யூஸும் அதை அலசி, 1963-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை போட்டாங்க. விஷயம் இதுதான். பூமியோட காந்தப்புலம் அப்பப்ப வடக்கு தெற்காத் திரும்பும். கடைசியாத் திரும்பினது சுமார் 7.8 லட்சம் வருசம் முன்னாடி. கடலடி மலைத்தொடரின் நடுவில் குழம்பு வெளியே வந்து உறையும்போது, அன்னைக்குக் காந்தப்புலம் எந்தப் பக்கமோ அதைப் பதிவு பண்ணிக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் விலகும். அப்படி விலக விலக வரிக்குதிரை மாதிரி பட்டை விழும்.

நம்ம ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியும்: இது ஒரு லாக் ஃபைல். ஒவ்வொரு வரிக்கும் தேதி போட்டு, இரண்டு பிரதி எடுத்து, தொடரின் ரெண்டு பக்கமும் வெச்சிருக்கு. ஒரே தேதி போட்ட பட்டைகளை எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா, அந்தத் தேதியில் கண்டங்கள் எங்க இருந்துச்சுன்னு கிடைச்சிரும். 1971-ல் டான் மெக்கென்சியும் ஜான் ஸ்க்லேட்டரும் இப்படித்தான் இந்தியப் பெருங்கடலின் சரித்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினாங்க. பேரைக் கவனிச்சீங்களா? 1864-ல் கண்டத்தை முழுகடிச்சவரும் ஒரு ஸ்க்லேட்டர், 1971-ல் கடல் எப்படித் திறந்ததுன்னு காட்டினவரும் ஒரு ஸ்க்லேட்டர்.

இந்த லாக்கில் ஒரு குறை. பழைய கடலடி திரும்பப் பூமிக்குள்ளயே போயிருது, அதனால சுமார் 18 கோடி வருசத்துக்கு மேல ரெக்கார்டு பெருசா கிடையாது. அதுக்கு முன்னாடிக்குப் பாறைக்குள்ள உறைஞ்ச காந்தத்தின் சாய்வைப் பார்க்கணும். பூமத்திய ரேகையில் காந்த ஊசி படுத்தே இருக்கும், துருவத்தில் செங்குத்தா நிக்கும். சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைப் பாதியாக்கினா, அட்சரேகையின் டேன் மதிப்பு. அவ்வளவுதான் கணக்கு. 1956-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒண்ணு நம்ம தக்காணத்துப் பசால்ட்டை அளந்து, இந்தியா தெற்கே இருந்து வந்ததுன்னு சொல்லுச்சு. கால்குலேட்டர் எடுங்க. சாய்வு 48 டிகிரின்னு வெச்சுக்குவோம். டேன் 1.11, பாதி 0.555, அதுக்கு உரிய கோணம் 29 டிகிரி. சுமார் 6.6 கோடி வருசம் முன்னாடி அந்தப் பாறை உறைஞ்சப்ப மும்பைப் பக்கம் 29 டிகிரி தெற்கில் இருந்திருக்கு. இன்னைக்கு 19 டிகிரி வடக்கு. மொத்தம் 48 டிகிரி, ஏறக்குறைய 5,300 கிலோமீட்டர். சராசரி வருசத்துக்கு 8 சென்டிமீட்டர்.

முதலில் 15 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி, சுமார் 5 கோடி வருசம் முன்னாடி ஆசியாவில் முட்டினதுக்கு அப்புறம் வேகம் குறைஞ்சுது. ஆனா நிக்கலை. இன்னைக்கும் ஜிபிஎஸ் நிலையங்கள் அளந்து சொல்ற வேகம் வருசத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர், வடகிழக்கா. அதாவது ஒரு ஆனித் தேரோட்டத்துக்கும் அடுத்த ஆனித் தேரோட்டத்துக்கும் நடுவுல, நெல்லையப்பர் கோயில், நாலு ரதவீதி, இருட்டுக்கடை, அல்வாவுக்கு நிக்கற கூட்டம் எல்லாத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு டவுண் 5 சென்டிமீட்டர் நகர்ந்திருது. தேர் நிலைக்கு வந்துரும், ஊரு வராது.

நம்ம பக்கத்துத் தடயம்

தென்காசிக்கு மேற்கே அச்சன்கோவிலில் இருந்து தென்கிழக்கா நம்ம பக்கம் இறங்குற ஒரு பழைய நிலமுறிவு மண்டலம் இருக்கு. மடகாஸ்கரில் ரனோட்சரான்னு அதே மாதிரி ஒண்ணு. ரெண்டும் ஒரே கோடுன்னு பல நிலவியலாளர்கள் பொருத்திப் பார்க்காங்க. சிலர் வேற கோட்டைச் சொல்றாங்க, அந்த வாதம் இன்னும் ஓடுது. ஆனா இந்தத் தெற்கு முனை, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்ட்டிகா எல்லாம் 55 கோடி வருசம் முன்னாடி ஒரே அடுப்பில் வெந்த பாறைங்கறதுல பெரிய சண்டை இல்லை. சார்னோக்கைட் என்ற பேரை முதல்ல வெச்சதே சென்னைப் பல்லாவரத்துப் பக்கத்துப் பாறைக்குத்தான். இன்னைக்கு அண்டார்ட்டிகாவில் இருக்கற பாறைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க.

பிரிஞ்ச வரிசை இது. சுமார் 13 கோடி வருசம் முன்னாடி அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியாவை விட்டோம். சுமார் 8.8 கோடி வருசத்தில் மடகாஸ்கர் விட்டுப்போச்சு. உடுப்பி மல்பே கடற்கரைக்கு எதிரே செயின்ட் மேரி தீவில் தூண் தூணா நிக்கற எரிமலைப் பாறை அந்தப் பிரிவின் நினைவுச்சின்னம். அப்புறம் சுமார் 6.3 கோடி வருசத்தில் செஷல்ஸ் தனியாப் போச்சு.

செஷல்ஸுக்கு சாட்சி ஒரு தவளை. 2003-ல் எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி போசைட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள்ளயே வாழுற ஊதா நிறத் தவளை ஒண்ணை நேச்சரில் அறிவிச்சாங்க. அதோட கிட்டத்துச் சொந்தம் எங்க இருக்குன்னா செஷல்ஸ் தீவில். 2017-ல் அதே இனத்தில் ரெண்டாவது வகை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிடைச்சுது. உப்புத்தண்ணி பட்டா செத்துப்போற தவளை கடலை நீந்தலை. அது இருந்த நிலம் ரெண்டா உடைஞ்சு விலகிச்சு.

ஸ்க்லேட்டரின் லெமூர் புதிருக்கு மட்டும் பதில் வேற. மடகாஸ்கர் பிரிஞ்சப்ப லெமூர் இனமே உருவாகலை. ஆப்பிரிக்காவில் இருந்து மிதக்கற மரக்கூட்டத்தில் ஏறிப் போயிருக்கணும்கிறதுதான் இன்னைக்குப் பெரும்பாலானவங்க ஏத்துக்கிற விளக்கம். ஆக, லெமூரியா எந்தக் கேள்விக்காகப் பிறந்துச்சோ அந்தக் கேள்விக்கே அது விடை இல்லை.

"அப்ப மொரீஷியஸ் செய்தி?"

இதைக் கண்டிப்பா யாராவது கேப்பீங்க. 2013-லும் 2017-லும் மொரீஷியஸில் 300 கோடி வருசம் வரை பழைய சிர்கான் துகள் கிடைச்சதும், 'தொலைந்த கண்டம் கிடைத்தது'ன்னு எல்லாப் பேப்பரிலும் வந்துச்சு. 'பாத்தியா லெமூரியா!'ன்னு நம்ம ஆளுங்க குதிச்சாங்க. அது இந்தியாவும் மடகாஸ்கரும் பிரியும்போது நடுவுல சிதறின துண்டு, பின்னாடி எரிமலைக் குழம்புக்கு அடியில் போனது. உண்மைதான், ஆனா காலத்தைப் பாருங்க. மடகாஸ்கர் பிரிஞ்ச 8.8 கோடி வருசத்தை ஒரு வருசக் காலண்டரா சுருக்குங்க. பிரிஞ்சது ஜனவரி 1. நம்ம மனித இனம் வர்றது டிசம்பர் 30 சாயங்காலம் 6 மணிக்கு. சங்க இலக்கியம் டிசம்பர் 31 ராத்திரி கடைசி 12 நிமிசம். ஜனவரியில் நடந்ததுக்கு டிசம்பர் 31 ராத்திரி பாட்டு எழுத முடியாதுல்லா?

கடல் கொண்டது பொய்யா?

இப்ப சிரிக்கற கோஷ்டிக்கு. கடல் கொண்டது பொய் இல்லை. சுமார் 20,000 வருசம் முன்னாடி, பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இப்ப இருக்கறதைவிட சுமார் 120 மீட்டர் கீழே. நம்ம காலண்டரில் அது டிசம்பர் 31 ராத்திரி 10 மணி, மனுசன் இருந்த நேரம். பாக் நீரிணை ஆழம் குறைஞ்சது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர்கள் தொழில் பண்ற வாட்ஜ் பேங்க் மேட்டின் பெரும்பகுதி வெளியே தெரிஞ்சிருக்கும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிமண் மேட்டில் கிடைச்ச சின்னச் சின்னக் கல்லாயுதங்களைப் பத்தி 1956-லயே சாய்னரும் ஆல்ச்சினும் எழுதிட்டாங்க. முழுகினது கண்டம் இல்லை, கரை. அந்தக் கரையில் ஆளும் இருந்திருக்கலாம். ஜெயகரன் புத்தகத்தின் சாரமும் இதுதான்.

அடியார்க்கு நல்லார் சொன்ன 700 காவதத்தை அப்படியே பிடிச்சுக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. காவதம் சுமார் 10 மைல்னு வெச்சா 7,000 மைல், 11,000 கிலோமீட்டருக்கு மேல. கன்னியாகுமரியில் இருந்து தென் துருவமே 10,900 கிலோமீட்டர்தான். பாண்டியன் பென்குயினுக்குத்தான் வரி போட்டிருக்கணும்.

நம்ம ஊர்ல கடல் கொண்டது மட்டும் இல்லை, கடல் கொடுத்ததும் உண்டு. கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்னைக்குக் கடலில் இருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கு. அடுத்து வந்த பழையகாயலுக்கும் அதே கதி. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின வண்டலில் கரை கிழக்கே தள்ளிப்போச்சு. ஒரே ஆறு, ஒரே கரை, ரெண்டு திசையிலும் நகர்ந்திருக்கு. இதை எந்தப் பள்ளிக்கூடப் பையன்கிட்டயாவது ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கொடுக்கோமா?

கோண்டுவானா யாரோடது?

இதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரமான விஷயம். இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்ட்டிகா சேர்ந்த அந்த உண்மையான பெருங்கண்டத்துக்கு உலகம் முழுக்க வழங்குற பேரு கோண்டுவானா. அது கோண்ட் மக்களின் நாட்டுப் பேரு. இந்திய நிலவியல் துறைக்காரங்க 1870-களில் நடு இந்தியப் பாறைக்கு வெச்சாங்க, எட்வர்ட் சூயஸ் அதைக் கண்டத்துக்கு எடுத்துக்கிட்டார். கோண்டி ஒரு திராவிட மொழி, தமிழுக்கு உறவு. நம்ம மொழிக்குடும்பத்து மக்களின் பேரு அர்ஜென்டினா பாடப்புத்தகம் வரைக்கும் போயிருக்கு, நாம வெள்ளைக்காரன் கைவிட்ட ஆவி நாட்டுக்காக மல்லுக்கட்டறோம்!

பெருமை வேணும்னா ஆதிச்சநல்லூர் இருக்கு, சிவகளை இருக்கு. சிவகளைத் தாழியில் கிடைச்ச நெல்லின் காலம் கி.மு. 1155-ன்னு 2021-ல் அறிவிச்சாங்க. தோண்டி, அளந்து, ஆய்வகத்துக்கு அனுப்பி வந்த பதில் அது. அதுக்குப் பக்கத்தில் ஒரு பொய் வரைபடத்தை ஒட்டினா, வெளியில இருக்கறவன் ரெண்டையும் சேர்த்துத்தான் சிரிப்பான். பொய்ப் பெருமையில் உள்ள நட்டம் அதுதான். உண்மையையும் கூடவே இழுத்துட்டுப் போயிரும்.

இன்னொரு நட்டம் கண்ணு முன்னாடி நடக்கு. மடகாஸ்கரோடயும் அண்டார்ட்டிகாவோடயும் பொருத்திப் பார்க்க வேண்டிய அதே பாறைகளை, நம்ம மாவட்டத்துக் குவாரிகளில் ஜல்லியாவும் எம்-சாண்டாவும் உடைச்சு லாரி லாரியா ஏத்திக்கிட்டு இருக்கோம். கடல் கொண்ட நிலத்துக்காகக் கண்ணீர் விடுறவங்க, லாரி கொண்ட நிலத்தைப் பத்தி ஒரு பதிவு போடலாம். வீடு கட்டக் கல்லு வேணும்தான். ஆனா எந்தப் பாறை வெறும் கல்லு, எந்தப் பாறை ஆவணம்னு பிரிச்சுப் பார்த்துட்டு உடைக்கணும்.

நாம பண்ணக்கூடியது சின்னது, ஆனா பண்ணலாம். ஜிப்ளேட்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. சிட்னி பல்கலைக்கழகக் குழு முன்னின்று உருவாக்கினது, மூலநிரலும் திறந்தே இருக்கு. ஒவ்வொரு நிலத்தட்டின் நகர்வையும் ஒரு அச்சு, ஒரு சுழற்சிக் கோணம்னு எண்களா வெச்சிருக்கும். ஸ்லைடரை இழுத்தா இந்தியா பின்னாடி போய் மடகாஸ்கரோட ஒட்டும். அதுக்குத் தமிழில் ஒரு விளக்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு செய்முறைப் பாடம் நம்மளால எழுத முடியும். அடுத்த தடவை அந்தப் பழைய வரைபடம் வர்றப்ப, திட்டாம, சிரிக்காம, இதை அனுப்புங்க.

பி.கு.: 'தமிழ்த் துரோகி'ன்னு பின்னூட்டம் போட வர்ற அண்ணாச்சிமார் அந்த 700 காவதக் கணக்கை முதல்ல போட்டுப் பாத்துட்டு வாங்க. பென்குயின் பத்தித் தனியாப் பேசிக்கலாம் :-)